கிரானைட், டைல்ஸ், கண்ணாடி: உடையாமல் வீடு வந்து சேர என்ன செய்ய வேண்டும்?

கும்பகோணம் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "கிருஷ்ணகிரியில் 600 சதுர அடி கிரானைட் பார்த்து வைத்திருக்கிறோம். டைல்ஸ் குஜராத்தின் மோர்பி சரக்கு, திருச்சி டீலர் மூலம் வருகிறது. குளியலறைக்குக் கண்ணாடித் தடுப்பும் சொல்லியிருக்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு வந்த லோடில் நாலு கல் உடைந்துவிட்டது. கடைக்காரர் லாரிக்காரரைக் கைகாட்டினார், லாரிக்காரர் லோடுமேன்களைக் கைகாட்டினார். பத்திரமாகக் கொண்டுவர என்ன வழி? உடைந்தால் பணம் யார் தருவார்கள்?"

நானும் கிரானைட், டைல்ஸ் வியாபாரத்தில் இருப்பவன்தான். ஏற்றி அனுப்புகிற பக்கமும் தெரியும், வாங்கி இறக்குகிற பக்கமும் தெரியும். ஒழுங்காக ஏற்றிய கல் நெடுஞ்சாலையில் உடைவது அபூர்வம். கல் விற்கிற யார்டில் ஏற்றும்போது கொஞ்சம் உடையும். அதைவிட அதிகமாக உடைவது, லாரி உங்கள் தெருவுக்கு வந்து நின்ற பிறகு, வண்டித் தளத்திலிருந்து வீட்டுச் சுவர்வரை இருக்கிற அந்த நூறடியில். கல்லுக்கு விலை பேசுகிறோம், லாரிக்கு வாடகை பேசுகிறோம். இறக்குவது யார், எத்தனை பேர், என்ன கூலி என்பதை மட்டும் வண்டி வந்த பிறகு தெருவில் நின்று பேசுகிறோம். டிரைவருக்கு அடுத்த லோடு அவசரம், வீட்டுக்காரருக்குக் கூலி அதிகம் என்ற வருத்தம், நாலு பேர் தூக்க வேண்டியதை இரண்டு பேர் தூக்குகிறார்கள். நாலு கல் போவதற்கு இது போதும். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்த நூறடியைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் எடைக் கணக்கு. கிரானைட் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோ. 18 மி.மீ. கனமுள்ள பலகை என்றால் சதுர அடிக்கு நாலரை கிலோ, 20 மி.மீ. என்றால் ஐந்து கிலோ. உங்கள் 600 சதுர அடி 18 மி.மீ. கல்லாக இருந்தால் 2,700 கிலோ. ஸ்டாண்ட், மரக்கட்டை எல்லாம் சேர்த்தால் மூன்று டன். 9 அடிக்கு 3 அடி பலகை ஒன்று மட்டும் 120 கிலோவைத் தாண்டும். பெரிய பிளாக்கில் அறுத்த 10 அடிக்கு 6 அடி பலகை 270 கிலோ. இந்த எண்களை மேஸ்திரிக்கும் சொல்லிவையுங்கள், ஆள் எத்தனை வேண்டும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

வண்டியையும் இதே எடைதான் முடிவு செய்கிறது. நாம் குட்டி யானை என்று சொல்லும் டாடா ஏஸின் பாரம் முக்கால் டன் அளவில்தான், அதாவது சுமார் 160 சதுர அடி கல். "அதெல்லாம் 300 அடி ஏத்தலாம் சார்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அதிக பாரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், வண்டியின் ஸ்பிரிங் பட்டை வளைந்து வண்டி ஒரு பக்கம் சாயும், சாய்ந்த பக்கத்துக் கல்தான் முதலில் போகும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆர்.சி.யில் மொத்த எடையும் வெறும் வண்டியின் எடையும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரிந்துவிடும். உங்கள் லோடுக்கு மூன்று டன்னுக்கு மேல் அனுமதியுள்ள 14 அடி வண்டி பாருங்கள்.

அந்த வண்டி உங்கள் தெருவுக்குள் நுழையுமா என்பதையும் ஆர்டர் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டும். கும்பகோணத்துப் பழைய தெருக்களின் அகலம் உங்களுக்கே தெரியும். தெருமுனையில் பெரிய வண்டியை நிறுத்திவிட்டுக் குட்டி யானையில் மாற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால், ஒவ்வொரு கல்லையும் ஒருமுறைக்கு இருமுறை இறக்கி ஏற்றுகிறீர்கள். அப்படித்தான் வேண்டியிருக்கும் என்றால் அதற்கும் ஆள், நேரம், கூலி எல்லாம் முன்கூட்டியே கணக்கில் வர வேண்டும். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியையும் கேபிள் வயரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கல்லை ஏன் நிறுத்தி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்பது. கிரானைட்டை அழுத்தினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. அதன் அழுத்தத் தாங்குதிறனில் வளைவுத் தாங்குதிறன் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். 3 அடி அகலம், 18 மி.மீ. கனமுள்ள பலகையைப் படுக்க வைத்துத் தூக்கினால் வளைவை எதிர்த்து நிற்பது அந்த 18 மி.மீ. மட்டுமே. அதையே விளிம்பில் நிறுத்தித் தூக்கினால் 3 அடி முழுவதும் எதிர்த்து நிற்கிறது. கணக்குப் போட்டால் ஐம்பது மடங்கு பலம். அதே கல்தான், அதே எடைதான். படுக்க வைத்த பலகை லாரி ஒரு வேகத்தடையில் குதித்தால் நடுவில் பிளந்துவிடும். ஆகவே யார்டில், லாரியில், கையில், வீட்டில் எங்கேயும் பலகை படுக்கக் கூடாது. "மேல வைக்கோல் போட்டுப் படுக்க வெச்சுட்டோம், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் அந்த லோடைக் கிளம்ப விடாதீர்கள்.

நிறுத்தி வைக்க ஏ வடிவ இரும்பு ஸ்டாண்ட் வேண்டும், அது வண்டித் தளத்தோடு போல்ட்டோ பெல்ட்டோ போட்டு இறுகியிருக்க வேண்டும். சாய்வு செங்குத்திலிருந்து சுமார் 10 டிகிரி. அதாவது 3 அடி உயரப் பலகைக்கு அடிப்பகுதி ஆறு அங்குலம் வெளியே தள்ளி நிற்கும். இதைவிட நிமிர்ந்து நின்றால் ஒரு குலுக்கலில் வெளிப்பக்கம் கவிழும். அதிகம் சாய்ந்தால் வெளிக்கல்லின் எடை உள்கல்லை வளைக்கும். இரண்டு பக்கமும் சம எடை இருக்க வேண்டும், ஏற்றும்போதும் இறக்கும்போதும் பக்கம் மாற்றி மாற்றித்தான் கை வைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாகக் காலி செய்தால் ஸ்டாண்டோடு சேர்த்துக் கவிழ்ந்துவிடும்.

பலகையின் நீளம் வண்டியின் நீளவாக்கில் இருக்கட்டும். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் லோடு சேலம் வழியாக வந்தால் தொப்பூர் கணவாய் இறங்கித்தான் வர வேண்டும். அந்த இறக்கத்தில் லாரிகள் படும் பாட்டை அந்த வழியில் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள். டிரைவர் பிரேக்கில் கால் வைக்கும்போது கல் முன்னோக்கித் தள்ளும். நீளவாக்கில் நின்றால் அந்தத் தள்ளல் பலகையின் தளத்தோடு போகும், முன்னால் ஒரு கட்டை முட்டுக் கொடுத்தால் தாங்கிக்கொள்ளும். குறுக்காக நின்றால் அதே தள்ளல் பலகையைக் கவிழ்க்கப் பார்க்கும்.

கட்டுவதற்குக் கயிற்றை நம்பாதீர்கள். நைலான் கயிறு இழுபடும், தேங்காய்நார்க் கயிறு தளரும். கைப்பிடியால் இறுக்கும் ராட்செட் பெல்ட் போட்டு, பெல்ட் விளிம்பைத் தொடும் இடத்தில் மரத்துண்டோ ரப்பரோ கொடுக்க வேண்டும். கிளம்பி முதல் இருபது முப்பது கிலோமீட்டரில் கல் தன் இடத்தில் உட்காரும், பெல்ட் கொஞ்சம் தளரும். அங்கே ஒருமுறை நிறுத்தி இறுக்கச் சொல்லுங்கள். பாலிஷ் முகமும் பாலிஷ் முகமும் எதிரெதிராக, நடுவில் ஃபோம் ஷீட். அடியில் ரீப்பர் கட்டை. வெள்ளை மார்பிளோ வெளிர் நிறக் கிரானைட்டோ இருந்தால் தார்ப்பாய் கட்டாயம். நனைந்த வைக்கோல், நார்க்கயிறு, துருப்பிடித்த இரும்பு இவற்றின் கறை கல்லுக்குள் இறங்கிவிடும், லேசில் போகாது.

ஏற்றும் முன் நீங்களோ உங்கள் மேஸ்திரியோ யார்டில் நிற்க வேண்டும். பலகை மேல் தண்ணீர் ஊற்றித் துணியால் துடையுங்கள். முகம் காய்ந்துவிடும், விரிசல் இருந்தால் அந்தக் கோடு மட்டும் ஈரத்தோடு கறுப்பாக நிற்கும். விரல் மடக்கி ஆறேழு இடத்தில் தட்டிப் பாருங்கள், நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், விரிந்த கல் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் அது குற்றமல்ல, பல ரகங்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் வலைக்குப் பின்னால் விரிசல் மறைந்திருக்கலாம் என்பதால் முன்பக்கத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பலகைக்கும் மார்க்கரில் எண் போட்டு முன், பின், நாலு மூலை தெரியப் படம் எடுங்கள். உடைந்தால் பணம் கேட்கும்போது உங்கள் கையில் இருக்கப்போகும் முக்கியமான சாட்சி இந்தப் படங்கள்.

இனி அந்த நூறடி.

வண்டி பகல் வெளிச்சத்தில் இறங்க வேண்டும். டிரைவர்கள் இரவு ஓட்டத்தை விரும்புவார்கள், நகரங்களுக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. அதனால் இரவு பதினொரு மணிக்கு வாசலில் ஹாரன் அடிப்பது சகஜம். "இப்பவே இறக்கிடுங்க" என்பார். இறக்காதீர்கள். விடியும்வரை ஓரமாக நிற்கட்டும், ஹால்டிங் பணம் இவ்வளவு என்று முன்பே பேசி வையுங்கள். செல்போன் வெளிச்சத்தில் 120 கிலோ கல்லைத் தூக்கச் சொல்வது மனிதர்களுக்குச் செய்யும் நியாயம் இல்லை.

ஆள் கணக்கு இப்படி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் செய்த பரிந்துரையில், வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்கிறது. 120 கிலோ பலகையை இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு 60. நாலு பேர் என்றால் 30. கல்லைத் தூக்கிக்கொண்டு படியேறித் திரும்ப வேண்டும் என்பதையும் நினைத்தால் நாலுக்குக் குறையவே கூடாது. 270 கிலோ பலகை என்றால் கையால் வேண்டாம், கிரேனோ ஹைட்ராவோ வரட்டும், அல்லது யார்டிலேயே அளவுக்கு அறுத்து வாங்குங்கள். சமையல் மேடை, படிக்கட்டு இவற்றுக்குப் பெரிய பலகை முழுசாக வீட்டுக்கு வர வேண்டிய தேவையே இல்லை.

ஆட்கள் கல் தூக்கிப் பழகியவர்களாக இருக்க வேண்டும். சிமெண்ட் மூட்டை தூக்குவது வேறு வேலை, பலகை தூக்குவது வேறு வேலை. உங்கள் பகுதிச் சுமைப்பணித் தொழிலாளர்களிடம் இரண்டு நாள் முன்பே பேசி, பலகை எத்தனை, எந்த மாடி என்று சொல்லிக் கூலி முடித்துவிடுங்கள். இதில் பேரம் பேசிச் சில நூறு மிச்சம் பிடிப்பதைப் போல நஷ்டமான சிக்கனம் வேறில்லை.

இறக்கும் முறையைக் கொஞ்சம் நுணுக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் போகிறது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பேர் பலகைகளின் இரு முனைகளிலும் நின்று உள்பக்கமாக அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். வழியில் குலுங்கியதில் வெளிக்கல் நிமிர்ந்து பெல்ட்டின் மேலேயே சாய்ந்து நின்றிருக்கலாம், பெல்ட் கழன்றதும் அது வரும். ஒரு நேரத்தில் ஒரே பலகை. மேலே இரண்டு பேர் விளிம்பைப் பிடித்து நிமிர்த்தித் தளத்தின் ஓரத்துக்கு நகர்த்த, கீழே இரண்டு பேர் அடி விளிம்பை வாங்குவார்கள். வாங்கிய பலகை தரையைத் தொடும் கணம்தான் முக்கியம். தரையில் முன்பே இரண்டு ரீப்பர் கட்டை, மேலே மடித்த சாக்கு. அடி விளிம்பு இரண்டு கட்டையிலும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒரு மூலை முதலில் தட்டினால் 120 கிலோவும் நகத்தளவு இடத்தில் இறங்குகிறது, அந்த மூலை சில்லு தெறித்துவிடும், அல்லது அங்கிருந்து ஒரு முடிக்கோடு உள்ளே ஓடும். சில்லு அன்றே தெரியும். முடிக்கோடு கல் பதித்து ஆறு மாதம் கழித்துத் தெரியும், அப்போது பழி கொத்தனார் மேல் விழும்.

தூக்கிக்கொண்டு நடக்கும் வழியை முதல் நாளே சுத்தம் செய்து வையுங்கள். ஜல்லி, கம்பித்துண்டு, தண்ணீர்க்குழாய், கிடக்கும் பலகை எதுவும் இருக்கக் கூடாது. நிலைக்கதவு பொருத்தியிருந்தால் அதன் அகலம், மாடிப்படி திரும்பும் இடத்தின் அளவு இரண்டையும் டேப் வைத்துப் பாருங்கள். நடக்கும்போது கட்டளை ஒருவர் மட்டுமே கொடுக்க வேண்டும். நாலு பேரும் கத்தினால் ஒருவர் இறக்குவார், ஒருவர் தூக்குவார், நடுவில் கல் முறுகும். கிரானைட்டுக்கு முறுக்கல் ஆகவே ஆகாது.

இனி சொல்வது கல்லைப் பற்றியதல்ல, ஆளைப் பற்றியது. சாய்கிற பலகையைப் பிடிக்கப் போகக் கூடாது. இதை லோடுமேன்களிடம், மேஸ்திரியிடம், வேடிக்கை பார்க்க வரும் உங்கள் வீட்டாரிடம் எல்லோரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். கையால் தடுத்துவிடலாம் என்று தோன்றும், அது இயல்பான உந்துதல். ஐந்தாறு பலகை சேர்ந்து சாய்ந்தால் அரை டன்னுக்கு மேல், அதை எந்த மனிதனும் தடுக்க முடியாது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2008-ல் கிரானைட், மார்பிள் பலகைகளை ஏற்றி இறக்கும் ஆபத்துக்கென்றே தனி அறிவிப்பு வெளியிட்டது, பலகை கவிழ்ந்து நசுங்கி ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்பதால்தான். அங்கே கிரேனும் கிளாம்ப்பும் வைத்துச் செய்யும் வேலையில் அந்த நிலை. நம்மூரில் செருப்புக் காலோடு, வெறுங்கையோடு செய்கிறார்கள். பலகை கவிழ்ந்தால் எவ்வளவு தூரம் விழும் என்று பார்த்து, அந்த அளவுக்குள் தூக்குபவர் தவிர யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள். இரண்டு ஸ்டாண்டுக்கு நடுவில், பலகைக்கும் சுவருக்கும் நடுவில் யாரும் நுழையக் கூடாது. கையுறையும் மூடிய காலணியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், பெரிய செலவில்லை.

சமையல் மேடைக்கு ஒரு தனிக் குறிப்பு. சிங்க்குக்கும் அடுப்புக்கும் யார்டிலேயே ஓட்டை போட்டு வாங்கினால், ஓட்டைக்கு முன்னும் பின்னும் மிஞ்சுவது மூன்று நாலு அங்குலப் பட்டைதான். அந்த மேடை உடைந்தால் அந்தப் பட்டையில்தான் உடையும். முடிந்தால் ஓட்டையை மேடையை உட்கார வைத்த பிறகு சைட்டில் போடச் சொல்லுங்கள். யார்டில்தான் போட வேண்டும் என்றால் பட்டை நெடுக ஒரு மரச்சட்டத்தை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி அனுப்பச் சொல்லுங்கள். தூக்கும்போது இரண்டு பட்டைகளில் குறுகியது மேல்பக்கம் வரும்படி பிடிக்க வேண்டும், பட்டையைக் கைப்பிடியாகப் பிடிக்கவே கூடாது.

உள்ளே வந்த கல்லை எங்கே சாய்த்து வைப்பது என்பதை நிறைய பேர் யோசிப்பதில்லை. வீட்டு அறைகளின் தளத்தை இந்தியத் தர நிர்ணயம் 875-இன் இரண்டாம் பகுதிப்படி சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ பயன்பாட்டுப் பாரத்துக்கு வடிவமைக்கிறார்கள். மாடியில் பத்துப் பலகையை ஒரே இடத்தில் சாய்த்தால் 1,200 கிலோ ஒன்றிரண்டு சதுர மீட்டரில் நிற்கிறது. ஆகவே மாடிக்கு அன்றன்று பதிக்க வேண்டியது மட்டும் போகட்டும், மீதி தரைத்தளத்தில் இருக்கட்டும். மாடியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் பீம் மேலோ, கீழே சுவர் இருக்கும் வரிசையிலோ, பல இடங்களில் பிரித்து வையுங்கள். முட்டுக் கழற்றாத புதுத் தளத்தின் மேல் எதுவும் கூடாது. சாய்க்கும் சுவர் பூச்சு காய்ந்த சுவராக இருக்க வேண்டும், பச்சையாக இருக்கும் ஒற்றைச் செங்கல் தடுப்புச் சுவர் வேண்டாம்.

டைல்ஸுக்கு வருவோம். மோர்பியிலிருந்து திருச்சிவரை பெரிய லாரியில் நெருக்கி அடுக்கி வருவதால் அந்தத் தூரம் உங்கள் கவலை இல்லை. உங்கள் கவலை டீலர் குடோனிலிருந்து வீடுவரை. 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைட் பெட்டியில் நாலு டைல்ஸ், 15.5 சதுர அடி, 30 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 800-க்கு 1600 மி.மீ. பெரிய டைல்ஸ் என்றால் இரண்டே டைல்ஸ் உள்ள பெட்டி 50 கிலோவைத் தொடும், அதை ஒற்றை ஆள் தலையில் தூக்கக் கூடாது, இரண்டு பேர் பெட்டியை நிறுத்தியபடியே தூக்க வேண்டும். பெட்டிகளும் கல்லைப் போலத்தான், வண்டியில் விளிம்பில் நிற்க வேண்டும், படுக்க வைத்து மேலே மேலே அடுக்கினால் அடிப்பெட்டியின் நடு டைல்ஸ் சத்தமில்லாமல் விரிந்திருக்கும். வண்டியின் கடைசியில், பின் அச்சுக்கும் பின்னால் இருந்த பெட்டிகளுக்குத்தான் குலுக்கல் அதிகம். இறக்கியதும் எல்லாப் பெட்டியையும் பிரிக்க முடியாவிட்டாலும் அவற்றையும் அடிவரிசையையும் கட்டாயம் பிரித்துப் பாருங்கள். பெட்டி மேல் உள்ள பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றா என்று பாருங்கள். உடைந்ததற்கு மாற்று வாங்கும்போது அதே பேட்ச் கிடைக்காவிட்டால் தரையில் நிறம் தனியாகத் தெரியும். நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து அதிகமாக முதலிலேயே எடுத்துவைப்பது இதற்காகத்தான்.

உங்கள் பக்கத்தில் திண்ணைக்கும் கூடத்துக்கும் ஆத்தங்குடி கல் போடுபவர்கள் இருப்பார்கள். அது கண்ணாடித் தட்டின் மேல் கையால் செய்யும் சிமெண்ட் கல், விட்ரிஃபைட் போல விளிம்பு உறுதி கிடையாது. பூமுகமும் பூமுகமும் எதிரெதிராக, நடுவில் காகிதம் வைத்து, நிறுத்தி அடுக்கி வர வேண்டும். ஏ.ஏ.சி. பிளாக் என்கிற எடை குறைந்த கான்கிரீட் கல் வாங்குகிறீர்கள் என்றால் ஒன்றே ஒன்று: டிப்பரில் கொட்ட விடாதீர்கள், மூலையெல்லாம் நொறுங்கும்.

கண்ணாடி சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் இரண்டரை கிலோ. 12 மி.மீ. கண்ணாடியில் 7 அடிக்கு 3 அடிக் கதவு 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். குளியலறைத் தடுப்பு டஃபன்டு கண்ணாடியாகத்தான், அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். அதன் முகத்தில் கை வைத்துக் குத்தினாலும் தாங்கும், ஆனால் விளிம்பிலோ மூலையிலோ கெட்டியான ஒன்று பட்டால் முழுக் கதவும் ஒரே நொடியில் குறுமணியாகக் கொட்டிவிடும். வெறும் டைல்ஸ் தரையில் மூலையை ஊன்றி ஒரு நிமிடம் நிறுத்துவோம் என்று வைப்பதுதான் அதற்கு எமன். டைல்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். மரமோ ரப்பரோ போட்டுத்தான் இறக்க வேண்டும், நாலு மூலைக்கும் கார்னர் கார்டு போட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். டஃபன் செய்த பிறகு அதை அறுக்கவோ துளை போடவோ முடியாது என்பதால் அளவு தவறினாலும் உடைந்தாலும் ஒரே கதிதான், புதிதாகச் செய்து வர வேண்டும். ஆகவே தரை, சுவர் டைல்ஸ் எல்லாம் முடிந்த பிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள், வந்த அன்றே பொருத்த ஆள் வரும்படி நாள் குறியுங்கள். நிறையத் தகடுகளாக வாங்கி அடுக்கி வைத்தால் இடையில் ஈரம் தங்கக் கூடாது, வெண்படலம் பிடிக்கும்.

இப்போது பணக் கேள்வி. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 39-ஆம் பிரிவு, விற்பவர் சரக்கை லாரிக்காரரிடம் ஒப்படைத்தாலே அது வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகத்தான் முதல் பார்வையில் கொள்கிறது, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. உங்கள் பக்கத்துத் தெருக்காரருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். யார்டு விலைக்கு வாங்கி, லாரியையும் தானே பிடித்திருந்தால் வழியில் உடைவது அவர் கணக்கு. ஆகவே விலையை எஃப்.ஓ.ஆர். சைட் என்று பேசுங்கள், அதாவது உங்கள் சைட்டில் ஒப்படைக்கும்வரை அவர் பொறுப்பு. இறக்குவதும் அவர் பொறுப்பா, வண்டித் தளத்தோடு முடிகிறதா என்பதையும் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். சதுர அடிக்குச் சில ரூபாய் கூடும், கொடுக்கலாம். லாரியை நீங்கள் பிடித்தால் சரக்கு மதிப்பை எழுதி ரசீது வாங்குங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, மதிப்பைச் சொல்லி அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாதவரை டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் பொறுப்புக்கு வரம்பு உண்டு. சேதத்துக்கு வழக்குப் போடுவதென்றால் அதற்குமுன், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். பில் இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு உதவாது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) வேண்டும் என்பதால் வழியிலும் மாட்டும். காப்பீடு எடுத்தால் உள்நாட்டுப் போக்குவரத்து விதிகளில் 'ஏ' வகையா 'பி' வகையா என்று கேளுங்கள். 'பி' வகை தீ, மோதல், வண்டி கவிழ்வது போன்றவற்றுக்குத்தான், இறக்கும்போது கைநழுவி உடைந்ததற்கு வராது. 'ஏ' வகையிலும் சில்லு தெறிப்பதையும் கீறலையும் விலக்கி எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள்.

உடைந்தது புது உடைவா, பழைய விரிசலா என்பதைக் கல்லே சொல்லிவிடும். புது உடைவின் முகம் பளிச்சென்று, படிகம் படிகமாக, சுத்தமாக இருக்கும். பழைய விரிசல் என்றால் உடைந்த முகத்தில் ஒரு பகுதி மங்கலாக, அறுப்புச் சேறு இறங்கிய பழுப்பாக, அல்லது பாலிஷுக்கு முன் விரிசலை அடைக்க ஊற்றிய ரெசின் பசை பளபளப்பாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அது கல்லிலேயே இருந்த குறை. யார்டுதான் பதில் சொல்ல வேண்டும், யார் லாரி பிடித்திருந்தாலும் சரி. "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு பின்வாங்காதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. கடை கிருஷ்ணகிரியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் பல கடைகள் அங்கேயே இறங்கி வந்துவிடும்.

டெலிவரி சலானில் கையெழுத்துப் போடுவதுதான் கடைசிக் காரியம். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வரிக்குக் கீழே வெறுமனே கையெழுத்துப் போடாதீர்கள். உடைந்திருந்தால் "பலகை எண் 7, 12 உடைந்துள்ளன, எண் 15-இல் இடது மேல்மூலையில் விரிசல்" என்று தெளிவாக எழுதி, நேரம் போட்டு, டிரைவர் கையெழுத்தையும் வாங்குங்கள். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்றால் "பிரித்துப் பார்க்கவில்லை, சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். டிரைவர் கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம், வண்டி எண் தெரிய, வண்டி மேல் இருக்கும்போதே உடைந்த பலகையைப் படம் எடுத்து அங்கிருந்தே கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, அவர் பார்த்தார் என்று தெரிந்த பிறகு வண்டியை விடுங்கள்.